த்ராட்டில் பாடி எத்தனை மி.மீ. வேண்டும்? வாங்கும் முன் அளந்து பாருங்கள்

இன்ஜினுக்குள் போகும் காற்றுக்கு வாசல், த்ராட்டில் பாடி. என்னுடைய முதல் பெரிய த்ராட்டில் பாடியை நான் கணக்குப் போட்டு வாங்கவில்லை, ஆசைப்பட்டு வாங்கினேன். 1.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். அதில் கம்பெனி வைத்திருந்தது 50 மி.மீ., நான் மாட்டியது 60. முதல் கியரில் காலை லேசாக வைத்ததும் கார் துள்ளிக்கொண்டு போனது. ஒரு வாரம் மிதப்பில் இருந்தேன். அப்புறம் ஒரு நாள் ஸ்கேனர் (காரின் சென்சார்கள் சொல்வதைப் படிக்கும் கருவி) பதிவுகளை எடுத்து, மூன்றாவது கியரில் 3,000 ஆர்பிஎம்மிலிருந்து 6,500 வரை ஏற எத்தனை விநாடி ஆகிறது என்று பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான். உபரியாகக் கிடைத்தது, வண்டி நிற்கும்போது 900க்கும் 1,300க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஐடில்.

ஏமாந்தது என் கால். த்ராட்டில் பாடிக்குள் இருப்பது ஒரு வட்டத் தட்டு, நடுவில் ஒரு ஷாஃப்ட். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் தட்டு சாய்ந்து காற்றுக்கு வழி விடுகிறது. 50 மி.மீ. தட்டும் 60 மி.மீ. தட்டும் ஒரே கோணத்துக்குச் சாய்ந்தால், பெரியதில் திறக்கும் பரப்பு சுமார் 44 சதவீதம் அதிகம். அதாவது, கால் அதே அளவுதான் நகர்கிறது, காற்று மட்டும் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக உள்ளே போகிறது. முன்பு பாதி அழுத்தினால் கிடைத்த இழுவை இப்போது கொஞ்சம் அழுத்தினாலே கிடைத்துவிடுகிறது. அதைத்தான் "பவர் கூடிவிட்டது" என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் முழுத் திறனைத் தீர்மானிப்பது பெடலைத் தரையோடு வைத்து அழுத்தும்போது இன்ஜினுக்குள் போய்ச் சேரும் காற்று. பழைய த்ராட்டில் அந்தக் காற்றைத் தடுத்திருந்தால்தான் பெரியது உதவும். தடுக்கிறதா இல்லையா என்பதை அளந்தே சொல்லிவிடலாம். இங்கே சொல்வதெல்லாம் பெட்ரோல் இன்ஜினுக்கு. டீசலில் த்ராட்டில் இருந்தாலும் அதன் வேலை வேறு.

முதலில், இருப்பது முழுசாகத் திறக்கிறதா?

சிரிக்காதீர்கள், இதில் மாட்டியவர்கள் நிறையப் பேர். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ரப்பர் குழாயைக் கழற்றுங்கள். இன்ஜின் ஆஃப். நண்பர் ஒருவரை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து பெடலை முழுக்க அழுத்தச் சொல்லுங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் தட்டு காற்று போகும் திசைக்கு நேராக, ஒரு கத்தியின் விளிம்பு போலத் தெரிய வேண்டும். சாய்வாகத் தெரிந்தால் முழுசாகத் திறக்கவில்லை. கேபிள் தளர்ந்திருக்கலாம். பெடலுக்கு அடியில் கால்மிதி மடங்கிக் கிடக்கலாம். கேபிளை இழுத்துக் கட்டுவதற்குச் செலவே இல்லை.

எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் இந்தச் சோதனையை ஸ்கேனரில் செய்யுங்கள், தட்டைக் கையால் தள்ளாதீர்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

தட்டின் பின்பக்க விளிம்பில் கறுப்பாகக் கரிப்படலம் இருந்தால் அதற்கான கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். சில த்ராட்டில்களின் உட்சுவரில் ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். கம்பி பிரஷ் போட்டால் அது போய்விடும், அப்புறம் ஐடில் சரிவராது.

தடை எங்கே என்று கண்டுபிடிப்பது

காரில் மேப் சென்சார் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இன்டேக் மேனிஃபோல்டுக்குள், அதாவது த்ராட்டிலிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் பகுதிக்குள், இருக்கும் அழுத்தத்தை அது கிலோபாஸ்கலில் சொல்லும். சாவியைப் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள். அப்போது காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் 101 அளவில் இருக்கும், மேடான இடத்தில் குறையும். இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 101 என்று நீங்களாக வைத்துக்கொண்டால் கணக்கு கெட்டுவிடும்.

அடுத்து டைனோவிலோ (வண்டியை நிறுத்திவைத்தே ஓட்டித் திறனை அளக்கும் இயந்திரம்), வேறு வண்டிகள் வராத மூடிய தடத்திலோ, மூன்றாவது கியரில் பெடலை முழுக்க அழுத்தி ரெட்லைன் வரை, அதாவது இன்ஜினுக்கு அனுமதித்த உச்ச ஆர்பிஎம் வரை, ஏற்றுங்கள். ஸ்கேனர் தானாகப் பதிவு செய்யட்டும், கண் சாலையில் இருக்கட்டும். பின்னர் பதிவில், அதிகபட்ச ஆர்பிஎம்மில் மேப் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 101 என்று தொடங்கி 97இல் முடிந்தால், வெளியிலிருந்து மேனிஃபோல்டுக்கு வருவதற்குள் 4 கிலோபாஸ்கல் தொலைந்திருக்கிறது. சாதாரண ஓபிடி ஸ்கேனர் முழு எண்ணாகத்தான் காட்டும் என்பதால் ஒன்று அப்படி இப்படி இருக்கலாம். மூன்று நான்கு தடவை ஓட்டிப் பாருங்கள்.

இந்த 4 கிலோபாஸ்கலும் த்ராட்டிலின் குற்றம் என்று உடனே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. ஃபில்டர், ஃபில்டர் பெட்டி, வளைந்து வரும் குழாய் எல்லாம் அதில் பங்குதாரர்கள். யாருக்கு எவ்வளவு என்று பிரிக்க எனக்குப் பிடித்த கருவி, ஒரு பலகையும் நீளமான பிளாஸ்டிக் குழாயும். ஒளி ஊடுருவும் குழாயைப் பலகையில் 'ப' எழுத்தைப் போல வளைத்துக் கட்டி, அந்த 'ப'வின் பாதி உயரத்துக்கு மை கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனை திறந்தே இருக்கட்டும். மறு முனையை, ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயில் ஒரு சின்னத் துளை போட்டுச் செருகுங்கள். பக்கத்து சீட்டில் இருப்பவர் பலகையை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள, அதே ஓட்டத்தை மறுபடியும் ஓட்டுங்கள். ஆர்பிஎம் ஏற ஏற ஒரு பக்கம் தண்ணீர் மேலே ஏறும், மறுபக்கம் இறங்கும். இரண்டு மட்டங்களுக்கும் இடையே 10 செ.மீ. வித்தியாசம் வந்தால் ஏறத்தாழ 1 கிலோபாஸ்கல்.

மேப் 4 குறைவு என்று சொல்கிறது, குழாயில் 30 செ.மீ. வித்தியாசம் என்றால், 3 கிலோபாஸ்கல் த்ராட்டிலுக்கு வருவதற்கு முன்பே போய்விட்டது. த்ராட்டிலின் பங்கு 1 தான். காசைச் செலவழிக்க வேண்டிய இடம் ஃபில்டர் பெட்டி.

ஒரே ஒரு எச்சரிக்கை. இந்தத் தண்ணீர்க் குழாயை எந்தக் காரணம் கொண்டும் த்ராட்டிலுக்குப் பின்னால், மேனிஃபோல்டு பக்கம் செருகாதீர்கள். ஐடிலில் அங்கே வெளிக்காற்றைவிட 60, 70 கிலோபாஸ்கல் குறைவாக இருக்கும். அது ஆறு மீட்டருக்கு மேல் தண்ணீரைத் தூக்கும் வேக்யூம். உங்கள் மை கலந்த தண்ணீர் முழுவதும் ஒரு மடக்கில் இன்ஜினுக்குள் போய்விடும். வேலை முடிந்ததும் ரப்பர் குழாயில் போட்ட துளையை இறுக்கமாக அடைத்துவிடுங்கள்.

என் அனுபவத்தில் நான் வைத்திருக்கும் அளவு இது: த்ராட்டிலின் தனிப் பங்கு 1 கிலோபாஸ்கலுக்குள் இருந்தால் அதைத் தொட மாட்டேன். 2ஐத் தாண்டினால் மாற்றுவேன். நடுவில் இருந்தால், அடுத்து கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) மாற்றும் எண்ணமோ ரெட்லைனைக் கூட்டும் எண்ணமோ இருக்கிறதா என்று பார்ப்பேன்.

இப்போது கணக்கு

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கிறது. எனவே லிட்டரை ஆர்பிஎம்மால் பெருக்கி 120ஆல் வகுத்தால், ஒரு விநாடிக்கு எத்தனை லிட்டர் என்பது கிடைக்கும். நிஜத்தில் சிலிண்டர் முழுசாக நிரம்பாது. சிலிண்டருக்கு நான்கு வால்வு உள்ள சாதாரண இன்ஜினுக்கு 0.9, பழைய இரண்டு வால்வு இன்ஜினுக்கு 0.8 அல்லது 0.85 என்று பெருக்கிக்கொள்ளலாம். நன்றாக டியூன் செய்த ரேஸ் இன்ஜின் 1ஐத் தாண்டுவதும் உண்டு.

என் 1.6 லிட்டர் இன்ஜினையே எடுத்துக்கொள்வோம். 6,500 ஆர்பிஎம், 0.9. விடை, விநாடிக்கு 78 லிட்டர்.

இனி பரப்பு. 50 மி.மீ. வட்டத்தின் பரப்பு 1,963 சதுர மி.மீ. ஆனால் தட்டு முழுசாகத் திறந்தாலும் நடுவில் ஷாஃப்ட் குறுக்கே நிற்கும். அது 8 மி.மீ. தடிமன் என்றால் 50 × 8, அதாவது 400 போய்விடுகிறது. மிச்சம் 1,563. லிட்டரை 1,000ஆல் பெருக்கி இந்தப் பரப்பால் வகுத்தால் காற்றின் வேகம், விநாடிக்கு மீட்டரில்: சுமார் 50.

இந்த 50 நல்லதா கெட்டதா? அந்த வேகத்தில் ஓடும் காற்றுக்குள் இருக்கும் இயக்க அழுத்தம் சுமார் 1.5 கிலோபாஸ்கல், த்ராட்டிலில் இழப்பது அதில் ஒரு பகுதி. 60 மி.மீ. போட்டால் வேகம் 33ஆகக் குறைந்து, இயக்க அழுத்தம் 0.7க்கு அருகில் வரும். வித்தியாசம் அதிகபட்சம் 0.8 கிலோபாஸ்கல், வெளிக்காற்றில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 110 குதிரைத்திறன் இன்ஜினில் ஒரு குதிரை கூடத் தேறாது. ஸ்கேனர் பதிவில் வித்தியாசம் தெரியாமல் போனதற்கு இதுதான் காரணம். இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதை நான் போட்டது வாங்கிய பிறகு.

அதே 50 மி.மீ. த்ராட்டிலை வேறு இன்ஜினில் வையுங்கள். 2 லிட்டர், 8,000 ஆர்பிஎம், பெரிய கேம், 1.05. விநாடிக்கு 140 லிட்டர் வேண்டும். காற்றின் வேகம் 90ஐத் தொடும், இயக்க அழுத்தம் 4.8 கிலோபாஸ்கல். இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. இங்கே 62 போட்டால் வேகம் 55 ஆகும். 65 போட்டால் 50, அழுத்தம் 1.5. அதற்கு மேல் 70 போட்டால் மிச்சமாவது வெறும் 0.4. வேகம் இருமடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும் என்பதால், சின்னதிலிருந்து சரியானதற்கு வரும்போது நிறையக் கிடைக்கும். சரியானதிலிருந்து பெரியதற்குப் போகும்போது ஏறக்குறைய எதுவும் கிடைக்காது.

அன்றாட ஓட்டத்துக்கான காருக்கு முழு ஆர்பிஎம்மில் காற்றின் வேகம் விநாடிக்கு 50 முதல் 60 மீட்டர் வரை இருந்தால் போதும் என்பது என் கருத்து. கார் நிறுவனங்களும் அந்தப் பக்கத்தில்தான் நிற்கின்றன. செவர்லே கொர்வெட்டில் வந்த 6.2 லிட்டர் எல்எஸ்3 இன்ஜினுக்கு 90 மி.மீ. த்ராட்டில். அது உச்சத் திறனைக் காட்டும் 5,900 ஆர்பிஎம்முக்கு இதே கணக்கைப் போட்டால் விநாடிக்கு 50 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. டிராக்கில் மட்டும் ஓடும் காருக்கு 45 வரை இறங்கலாம். அதற்குக் கீழே போவது கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான்.

கணக்கு மாறும் இடங்கள்

டர்போ வைத்த காருக்கு இரண்டு மடங்கு பெரிய த்ராட்டில் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வழக்கமான அமைப்பில் த்ராட்டில் டர்போவுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே வரும் காற்று ஏற்கெனவே நெருக்கப்பட்டது, எடை கூடுதல் என்றாலும் கன அளவு பழைய கணக்கேதான். அதனால் டர்போ இல்லாத இன்ஜினுக்குப் போட்ட கணக்கையே போடலாம். சூப்பர்சார்ஜர் கதை வேறு. அதில் பெரும்பாலும் த்ராட்டில் முன்னால் இருக்கும், நெருக்கப்படாத காற்று அத்தனையும் அதன் வழியாகப் போக வேண்டும். அழுத்தத்தை ஒன்றரை மடங்காக்கும் சூப்பர்சார்ஜர் என்றால், 1.6 லிட்டரை ஏறத்தாழ 2.4 லிட்டராக வைத்துக் கணக்குப் போடுங்கள்.

சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு த்ராட்டில் வைத்த இன்ஜின்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். டொயோட்டாவின் 20 வால்வு 4ஏ-ஜிஇ அப்படி வந்தது. நான்கு 45 மி.மீ. த்ராட்டில்களின் மொத்தப் பரப்பும் ஒரே ஒரு 90 மி.மீ. த்ராட்டிலின் பரப்பும் ஒன்றுதான். அதற்காக 2 லிட்டர் இன்ஜினில் ஒற்றை 90 மாட்டக் கூடாது. தனித் த்ராட்டில் ஒவ்வொன்றும் தன் சிலிண்டர் காற்றை இழுக்கும் கொஞ்ச நேரம் மட்டுமே வேலை செய்கிறது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் முழுக் காற்றையும் விட வேண்டும் என்பதால்தான் அவ்வளவு பெரிய துளை. இதே காரணத்தால் மூன்று சிலிண்டர் இன்ஜினுக்குக் கணக்கில் வருவதைவிட இரண்டு மூன்று மி.மீ. கூட வைத்துக்கொள்வது நல்லது.

கல்லூரி மாணவர்கள் தாங்களே கார் கட்டி ஓட்டும் ஃபார்முலா ஸ்டூடன்ட் போட்டியில் பெட்ரோல் கார்களுக்கு 20 மி.மீ. துளை வழியாகத்தான் காற்று என்பது விதி. அதிலும் ஓடுகிறார்களே என்று கேட்டால், அது முன்னும் பின்னும் நீளமாகச் சரிந்து, இழந்த அழுத்தத்தில் பெரும் பங்கைத் திரும்பப் பெறும் குழாய். தட்டும் ஷாஃப்டும் குறுக்கே நிற்கும் துளையோடு அதை ஒப்பிட முடியாது.

கடையில் கேட்க வேண்டியவை

அட்டைப்பெட்டியில் 65 என்று போட்டிருப்பது எந்த இடத்தின் அளவு? சிலவற்றில் வாய் 65, உள்ளே சரிந்து போய் தட்டு இருக்கும் இடத்தில் 60. வெர்னியர் காலிப்பரைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள்.

சிஎஃப்எம் எண்ணை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று போகும் என்பதை, பெருமையாகச் சொல்வார்கள். எத்தனை அழுத்த வித்தியாசத்தில் அளந்தது என்று திருப்பிக் கேளுங்கள். காற்றோட்டத்தை அளக்கும் ஃப்ளோ பெஞ்சில் வழக்கமாக 28 அங்குலத் தண்ணீர் அழுத்தத்தில் அளப்பார்கள், அது கிட்டத்தட்ட 7 கிலோபாஸ்கல். நாம் 1க்கும் 2க்கும் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறோம். அழுத்த வித்தியாசம் கால் பங்கானால் காற்று பாதியாகும். 400 சிஎஃப்எம் என்று எழுதியது உங்கள் காரில் 1.75 கிலோபாஸ்கல் இழப்பில் 200 தான் விடும்.

த்ராட்டிலை மட்டும் பெரிதாக்கி, அது போய் உட்காரும் மேனிஃபோல்டு துளை சின்னதாகவே இருந்தால் காற்று அந்தப் படியில் முட்டி நிற்கும். மேனிஃபோல்டையும் கேஸ்கெட்டையும் அதே அளவுக்குக் கடைந்தெடுக்க வேண்டும். கடையும் அளவுக்கு அதில் உலோகம் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். போல்ட் துளைகளின் இடைவெளி, சென்சார் கனெக்டர், ஐடில் வால்வு இருக்கும் இடம், கேபிள் பிடிமானம் எல்லாம் பொருந்த வேண்டும்.

இசியு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, எப்படி எரிபொருளைக் கணக்கிடுகிறது என்பதும் முக்கியம். மேப் சென்சாரை வைத்துக் கணக்கிடும் கார், த்ராட்டில் மாறியதைப் பெரும்பாலும் தானே சமாளித்துக்கொள்ளும். உள்ளே போகும் காற்றின் எடையை அளக்கும் மாஃப் சென்சார் உள்ளதும் அப்படியே, அந்த சென்சார் உட்கார்ந்திருக்கும் குழாயின் விட்டத்தை நீங்கள் மாற்றாதவரை. தட்டின் கோணத்தை மட்டும் வைத்து எரிபொருள் தரும் அமைப்பு என்றால் மறுபடியும் டியூன் செய்தே ஆக வேண்டும். எலக்ட்ரானிக் த்ராட்டிலை மாற்றுவதைப் புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதில் இரண்டு நிலை சென்சார்கள் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் பிசகினால் பி2135 போன்ற கோளாறு எண் வந்து கார் தவழ ஆரம்பித்துவிடும்.

மாட்டும்போது

பழையதைக் கழற்றுமுன் போன் கேமராவில் எல்லாக் குழாய்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல த்ராட்டில்களுக்குள் கூலன்ட் ஓடும். அந்த இரண்டு சின்னக் குழாய்களை இன்ஜின் சூடாக இருக்கும்போது கழற்றினால் கை வெந்துவிடும்.

புதியதைக் கையில் வைத்தே தட்டை முழுக்கத் திறந்து விடுங்கள். 'டக்'கென்று மூட வேண்டும். எங்காவது உரசினால், தயங்கினால், அதைக் காரில் மாட்டாதீர்கள். காலை எடுத்தும் த்ராட்டில் மூடாத கார் எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. தட்டைப் பிடித்திருக்கும் இரண்டு சின்ன ஸ்க்ரூக்களையும் பாருங்கள். முனை அடித்து விரிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது பூட்டுப் பசை போட்டிருக்க வேண்டும். அது கழன்றால் நேராக சிலிண்டருக்குள் விழும். மாட்டி முடித்த பிறகும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பெடலைப் பத்துத் தடவை முழுக்க அழுத்தி விட்டுப் பாருங்கள்.

த்ராட்டில் நிலை சென்சார் பெரும்பாலான கார்களில் மூடிய நிலையில் 0.5 வோல்ட் அளவிலும், முழுசாகத் திறந்தால் 4.5 வோல்ட் அளவிலும் காட்டும். உங்கள் பழைய த்ராட்டில் காட்டியதைக் குறித்து வைத்திருந்தால் அதற்கே சரிசெய்யுங்கள். தட்டு மூடும் இடத்தில் நிறுத்தும் ஸ்க்ரூவைத் திருகி ஐடிலைக் கூட்டக் குறைக்கப் போகாதீர்கள், நான் செய்த தப்பு அது. பெரிய தட்டின் சுற்றளவு அதிகம், விளிம்பில் மயிரிழை இடைவெளி இருந்தாலே கணிசமான காற்று நுழையும். நான் அந்த ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருகினேன், ஐடில் எகிறியது, இசியு அதை இறக்கப் பார்த்தது, பி0507 என்று எழுதிவிட்டு விளக்கை எரியவிட்டது. தட்டை ஒட்டாமல் மூடும் நிலைக்குக் கொண்டுவந்து, பேட்டரியைக் கொஞ்ச நேரம் கழற்றி மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை பெடலைத் தொடாமல் ஐடிலில் ஓடவிட்ட பிறகுதான் அடங்கியது.

கடைசியாக, முதல் நாள் ஓட்டிய அதே தடத்தில், அதே கியரில், ஏறத்தாழ அதே வெயிலில் மேப் பதிவை மறுபடியும் எடுங்கள். 97 என்று இருந்தது 99 ஆகியிருந்தால் வேலை நடந்திருக்கிறது. 97 அப்படியே 97ஆக நின்றால் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். என்னுடைய 60 மி.மீ. இப்போது அலமாரியில் இருக்கிறது, காரில் பழைய 50 ஓடிக்கொண்டிருக்கிறது.